புது கோச் வந்தாச்சு: ஒரு நெப்ராஸ்கா ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் இருக்கும் லிங்கன் ஊரில் படித்தேன். இப்போது ஒரு மணி நேரத் தொலைவில் ஒமாஹாவில் வேலை. பட்டத்தோடு கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது அந்த ஊர் ஃபுட்பால் பைத்தியம். உலகம் காலால் ஆடும் ஃபுட்பால் இல்லை இது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்க ஃபுட்பால். எங்கள் அணிக்குப் புது கோச் வரும்போதெல்லாம் நான் குதிப்பதையும், கொஞ்ச நாள் கழித்து மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவதையும் பார்த்த நண்பர்கள் கேட்டவை இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

கல்லூரி அணிக்கு கோச் மாறினதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?

ஆமாம். நெப்ராஸ்கா மாநிலத்தில் மொத்தமே சுமார் 20 லட்சம் பேர். தொழில்முறை ஃபுட்பால் அணி ஒன்றுகூடக் கிடையாது. ஆக, சனிக்கிழமை வந்தால் மாநிலம் முழுக்க ஒரே அணிதான், ஒரே நிறம்தான்: சிவப்பு. லிங்கனில் உள்ள மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஒமாஹாவையும் லிங்கனையும் விட்டால் மாநிலத்தின் வேறு எந்த ஊரிலும் அவ்வளவு ஜனம் இல்லை. ஆட்ட நாளில் ஸ்டேடியம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் என்பார்கள். சொல்லிச் சொல்லிப் புளித்த பேச்சு. ஆனாலும் கணக்கு சரி.

ஆடுவது பசங்கள். கோச்சுக்கு ஏன் இத்தனை மவுசு?

பசங்கள் நாலைந்து வருஷத்தில் போய்விடுவார்கள். கோச்தான் இருப்பார், அதாவது ஜெயித்தால் இருப்பார். தொழில்முறை லீக்கில், போன வருஷம் மோசமாக ஆடிய அணிக்குப் புது ஆட்டக்காரர்களில் முதல் தேர்வு கிடைக்கும். கல்லூரியில் அந்தக் கருணை கிடையாது. 17 வயதுப் பையனின் வீட்டுக்குப் போய், சோபாவில் உட்கார்ந்து, அவன் அம்மாவிடம் "எங்களிடம் அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பேசி அழைத்துவருவது கோச்சின் வேலை. உதவிப் பயிற்சியாளர்களை அமர்த்துவதும் அவரே. 2021 முதல் இந்த வேலை இரட்டிப்பாகிவிட்டது. கல்லூரி மாறும் ஆட்டக்காரர் முன்பெல்லாம் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும். 2021இல் அந்த விதி போயிற்று. தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கவும் அதே வருஷம் ஜூலையில் அனுமதி வந்தது. சீசன் முடிந்ததும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற இடமாற்றப் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டுக் கூட்டம் கூட்டமாக இடம் மாறுகிறார்கள்.

ஆகவே கோச் என்பவர் கொஞ்சம் வாத்தியார், கொஞ்சம் தரகர், கொஞ்சம் முதலாளி. பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதல் பெயர் கவர்னருடையது அல்ல, இவருடையது.

நெப்ராஸ்கா அப்படி என்ன பெரிய அணி? நான் கேள்விப்பட்டதே இல்லையே?

பெருங்காயம் இருந்த டப்பா. இப்போது காலி, வாசனை மட்டும் போகவில்லை.

1973 முதல் 1997 வரை டாம் ஆஸ்போர்ன் என்பவர் கோச்சாக இருந்தார். 25 சீசன். 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். ஒரு வருஷம்கூட 9 வெற்றிக்குக் கீழே போகவில்லை. 1994, 1995, 1997 மூன்றிலும் தேசியச் சாம்பியன். 1997 பட்டத்தை மட்டும் மிச்சிகனோடு பங்கு போட வேண்டியிருந்தது. அத்தோடு அவர் ஓய்வு பெற்றார். வீட்டில் தாத்தா இருந்த காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று பேசிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் உண்டல்லவா, நாங்கள் அந்த வகை.

அவருக்கு அப்புறம் வந்த ஃபிராங்க் சாலிச்சை 2003இல் நீக்கினார்கள். அந்த வருஷம் அவர் 9 ஆட்டம் ஜெயித்து 3 மட்டுமே தோற்றிருந்தார். 2014இல் போ பெலினிக்கும் அதே கதை: ஏழு சீசனிலும் குறைந்தது 9 வெற்றி, அப்படியும் போதாது என்று அனுப்பினார்கள். இன்றைக்கு யாராவது வருஷத்துக்கு 9 வெற்றி தருகிறேன் என்று வந்தால் பூரணகும்பத்தோடு வரவேற்போம். சாலிச்சுக்கும் பெலினிக்கும் இடையில் பில் காலஹன், பெலினிக்கு அப்புறம் மைக் ரைலி. ரைலி மூன்று வருஷத்தில் 19 ஜெயித்து 19 தோற்றார். பக்கா நடுநிலை. அதைப் பற்றிப் பேச வேறொன்றுமில்லை.

2017 டிசம்பரில் தெருவில் இறங்கி ஆடினாயாமே?

தெருவில் இல்லை, அறையில். மற்றபடி உண்மை.

அன்றைக்கு எங்கள் கோச்சாக அறிவிக்கப்பட்டவர் ஸ்காட் ஃப்ராஸ்ட். நெப்ராஸ்காவின் வுட் ரிவர் என்ற சின்ன ஊர்ப் பையன். 1997 சாம்பியன் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதல் ஆட்டத்தை நடத்துபவர். ஆஸ்போர்னின் கடைசி ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே நின்று, பட்டத்தை எங்களுக்கே கொடுங்கள் என்று ஓட்டுப் போடும் பயிற்சியாளர்களிடம் வாதாடியவர். பயிற்சியாளர்கள் தங்கள் ஓட்டில் எங்களுக்குத்தான் தந்தார்கள். அந்தப் பையன் வளர்ந்து கோச்சாகி, சென்ட்ரல் ஃப்ளோரிடா அணியை எடுத்தார். 2015இல் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் 12 தோற்ற அணி அது. ஃப்ராஸ்ட் போன முதல் வருஷம் 6 வெற்றி. இரண்டாம் வருஷம் 13 ஆட்டம், 13 வெற்றி. அதில் கடைசி வெற்றி ஆபர்ன் அணிமேல், எங்கள் வேலையை ஒப்புக்கொண்ட பிறகு.

இதைவிட என்ன வேண்டும்? சொந்த ஊர், பழைய சாம்பியன், கையில் சூடாறாத வெற்றி. ஏழு வருஷ ஒப்பந்தம், 3.5 கோடி டாலர். 2018 ஏப்ரலில் நடந்த ஸ்பிரிங் கேமுக்கு 86,818 பேர் வந்தோம். ஸ்பிரிங் கேம் என்றால் வேறு அணி யாரும் கிடையாது. நம் பசங்கள் இரண்டு பிரிவாகி நம் பசங்களோடு ஆடும் பயிற்சி. அதற்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று என் அறைத்தோழன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று?

2018 செப்டம்பர் 1. ஏக்ரான் அணியோடு முதல் ஆட்டம். ஆட்டத்தின் முதல் உதை பறந்தது. உடனே மின்னல். எல்லோரும் உள்ளே போங்கள் என்றார்கள். மழை நிற்கும், நிற்கும் என்று காத்திருந்தோம். நிற்கவில்லை. ஆட்டமே ரத்து. ஒரு சகாப்தத்தின் தொடக்கம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவன் நனைந்த கோழியாகத் திரும்பினேன். சகுனம் பார்க்கும் பாட்டி ஒருத்தி கூட இருந்திருந்தால் அங்கேயே கணக்கை முடித்திருப்பாள்.

அதன்பின் வரிசையாக ஆறு தோல்வி. சீசன் இப்படி 0-6 என்று தொடங்கியது நெப்ராஸ்கா வரலாற்றில் அதுவே முதல் முறை. கடைசியில் 4 வெற்றி, 8 தோல்வி. சரி, முதல் வருஷம்தானே என்றோம். அடுத்த வருஷம் 5-7. அதற்கடுத்த கொரோனா வருஷம் 3-5. 2021இல் 3-9. அந்த வருஷத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: ஒன்பது தோல்வியில் ஒவ்வொன்றும் 10 புள்ளிக்குள்தான். ஒரு தடவைகூட நன்றாக அடி வாங்கித் தோற்கவில்லை. ஒவ்வொரு வாரமும் கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. ரசிகனுக்கு இதைவிட விஷம் வேறில்லை. 50 புள்ளியில் தோற்றால் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கலாம். 3 புள்ளியில் தோற்றால் "நாம் கிட்டத்தட்ட வந்துவிட்டோம்" என்று தோன்றும். அந்தக் "கிட்டத்தட்ட" என்ற வார்த்தையில் ஒரு வருஷம் ஓடிவிடும்.

2022 ஆகஸ்ட் 27. அயர்லாந்தின் டப்ளினில் நார்த்வெஸ்டர்னோடு ஆட்டம். 28-17 என்று முன்னிலையில் இருக்கிறோம். அப்போது ஃப்ராஸ்ட், பந்தைக் குறுகலாக உதைத்து நாமே திரும்பப் பிடித்துக்கொள்ளும் ஆன்சைட் கிக்குக்கு உத்தரவிட்டார். தோற்றுக்கொண்டிருப்பவன் கடைசி நிமிஷத்தில் செய்கிற காரியம் அது. பந்து எதிரிக்குப் போனது, 31-28 என்று ஆட்டமும் போனது. இரண்டு வாரம் கழித்து, சொந்த மைதானத்தில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42 தோல்வி. அதுவரை சொந்த மைதானத்தில் 35 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்த 214 ஆட்டங்களில் ஒன்றுகூட நெப்ராஸ்கா தோற்றதில்லை. மறுநாள் ஃப்ராஸ்ட் இல்லை. மொத்தக் கணக்கு: 16 வெற்றி, 31 தோல்வி.

நீக்கும்போது பணமும் கொடுத்தார்களாமே?

1.5 கோடி டாலர். ஒப்பந்தக் காலம் முடியும் முன் நீக்கினால் கொடுக்க வேண்டிய தொகை, பைஅவுட் என்பார்கள். மூன்று வாரம் பொறுத்து அக்டோபர் 1க்கு அப்புறம் நீக்கியிருந்தால் அதில் பாதி போதும். ஆனாலும் பொறுக்கவில்லை. அவசரத்துக்கு 75 லட்சம் டாலர் விலை கொடுத்த வேறு ஊர் எனக்குத் தெரியாது.

அப்போதாவது புத்தி வந்ததா?

இரண்டு மாதம் வந்தது. நவம்பர் கடைசியில் புது கோச்சாக மேட் ரூல் வந்தார், போய்விட்டது.

இந்தத் தடவை நான் ஆடவில்லை. பேப்பரில் கணக்குப் போட்டேன். ரூல் முன்பு டெம்பிள் பல்கலையில் இருந்தார்: முதல் வருஷம் 2-10, இரண்டாம் வருஷம் 6-6, மூன்றாம் வருஷம் 10-4. அப்புறம் பெய்லர், பெரிய பாலியல் வன்முறை விவகாரத்தில் சிக்கிக் குலைந்திருந்த இடம்: 1-11, 7-6, 11-3. இடையில் தொழில்முறை லீக்கில் கரோலைனா பாந்தர்ஸ் அணியில் கையைச் சுட்டுக்கொண்டார், அதை நாங்கள் வசதியாக மறந்தோம். கல்லூரி கோச்சுகளுக்கு அங்கே அப்படித்தான் ஆகும் என்று சமாதானம். ஆக, "மூணாவது வருஷம்" என்பது மந்திரமாகிவிட்டது. 2023இல் 5-7. பரவாயில்லை, அவருடைய முதல் வருஷங்களிலேயே இதுதான் நல்லது என்றோம். 2024இல் 7-6, எட்டு வருஷம் கழித்து ஒரு பவுல் ஆட்டம் (சீசன் முடிவில் ஓரளவு ஜெயித்த அணிகளை அழைத்து நடத்துவது), அதிலும் பாஸ்டன் காலேஜைத் தோற்கடித்தோம். யாங்கி ஸ்டேடியத்தில் டிசம்பர் குளிர். வாழ்நாள் சாதனைபோலப் பேசினோம்.

மூன்றாவது வருஷம், 2025. மறுபடி 7-6. தொடக்கம் நன்றாக இருந்தது. ரூலுக்கு 2032 வரை ஒப்பந்தமும் நீட்டினார்கள். நவம்பர் முதல் நாள் சதர்ன் கலிஃபோர்னியா ஆட்டத்தில் எங்கள் குவார்ட்டர்பேக் டிலன் ரயோலாவின் கால் உடைந்தது. சீசன் முடிந்ததும் அவர் ஆரிகன் பல்கலை அணிக்குப் போய்விட்டார். மந்திரத்தில் ஓர் எழுத்து எங்கோ பிசகிவிட்டது.

புது கோச் என்றாலே ஏமாற்றம்தானா? எங்கேயாவது பலித்ததா?

பலித்தது, எங்கள் கண்முன்னாலேயே, எங்கள் முதுகில்.

2024 அக்டோபர் 19. நாங்கள் 5 வெற்றி, 1 தோல்வியோடு இண்டியானா பல்கலையின் ஊரான புளூமிங்டனுக்குப் போனோம். இண்டியானா என்றால் கூடைப்பந்து. ஃபுட்பாலில் அமெரிக்காவின் மேல்நிலைக் கல்லூரி அணிகளிலேயே அதிக ஆட்டம் தோற்றது என்ற பட்டம் அவர்களுடையதாக இருந்தது. முந்தைய வருஷம் 3-9. போய் ஒரு வெற்றியை எடுத்துவரலாம் என்றுதான் கிளம்பினோம். 56-7. ஏழு எங்களுடையது.

அவர்களுடைய கோச் கர்ட் சிக்னெட்டி. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேலைக்கு வந்தபோது வயது 62. தகப்பனாரும் கோச். அலபாமாவில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனிடம் உதவியாளராக நான்கு வருஷம் இருந்தவர், 2011இல் அந்தப் பெரிய இடத்தை விட்டு, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பென்சில்வேனியாவில் ஒரு இரண்டாம் பிரிவுக் கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அங்கிருந்து ஈலான் பல்கலை, பிறகு ஜேம்ஸ் மேடிசன் பல்கலை. மூன்று இடம், 13 சீசன். ஒரு சீசன்கூட தோல்விகள் வெற்றியைத் தாண்டவில்லை. இண்டியானாவுக்கு வந்ததும், இந்த ஊருக்கு ஆட்டக்காரர்களை எப்படி இழுப்பீர்கள் என்று நிருபர்கள் கேட்டபோது, நான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள் என்றார். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

தனியாக வரவில்லை அவர். கல்யாணச் சமையலுக்கு ஒப்புக்கொண்டவர் அண்டா, கரண்டி, ஆட்களோடு வண்டி ஏறுவதுபோல, உதவியாளர்களையும் ஜேம்ஸ் மேடிசன் ஆட்டக்காரர்களில் 13 பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் சீசனில் 11 வெற்றி. அதுவரை இண்டியானா ஒரு சீசனில் 10 வெற்றி பெற்றதே கிடையாது. அதே மாநிலத்துப் பகையாளி பர்டூவை 66-0 என்று அடித்தார்கள். இரண்டாம் சீசனில், அதாவது 2025இல், ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று தோற்கடித்து, நாங்களும் ஆடும் பிக் டென் என்ற அணிக்குழுவின் பட்டம். குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசாவுக்கு, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை. பழம்பெரும் பவுல் ஆட்டமான ரோஸ் பவுலில் அலபாமா மேல் 38-3. 2026 ஜனவரி 19 அன்று மயாமியை 27-21 என்று வென்று தேசியச் சாம்பியன். 16 ஆட்டம், 16 வெற்றி.

இதையெல்லாம் பார்த்தபின் எந்த ஊர் ரசிகனையும் நம்பாதே என்று சொல்ல வாய் வராது. அடிமட்டத்தில் கிடந்தவனே இரண்டு வருஷத்தில் ஏறிவிட்டான், நமக்கென்ன குறைச்சல் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நாட்டில் அத்தனை கோச்சுகளுக்கும் சிக்னெட்டி செய்த உபத்திரவம் இது. மூன்று வருஷம் பொறுங்கள் என்று இனி யாரும் தைரியமாகக் கேட்க முடியாது.

ஃப்ராஸ்டுக்கும் சிக்னெட்டிக்கும் என்ன வித்தியாசம்? வந்த அன்றே தெரிந்திருக்காதா?

ராத்திரி தூக்கம் வராதபோது நான் யோசிப்பது இதைத்தான். ஃப்ராஸ்டும் உதவியாளர்களை மொத்தமாகக் கூட்டி வந்தார். அவரும் போன இடத்தில் ஜெயித்தவர். அந்த வகையில் இருவரும் ஒன்று.

ஆனால் ஃப்ராஸ்ட் தலைமைப் பயிற்சியாளராக இருந்தது வெறும் இரண்டு வருஷம், ஒரே இடத்தில். அதை நாங்கள் பார்த்தோம், பார்த்தும் பொருட்படுத்தவில்லை. ஏனென்றால் நாங்கள் கோச்சைத் தேடவில்லை. 1997ஐத் தேடினோம். அந்த முகம் திரும்பி வந்தால் அந்த வருஷமும் கூடவே வந்துவிடும் என்று நினைத்தோம். இண்டியானாவுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. திரும்பிப் பார்க்க அவர்களுக்கு 1968இல் ஆடித் தோற்ற ஒரே ஒரு ரோஸ் பவுலைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. அதனால் வந்த மனிதரின் பயோடேட்டாவை மட்டும் பார்க்க முடிந்தது. ஃப்ராஸ்ட் மேல் எனக்குக் கோபம் குறைந்துபோனதற்கும் இதுதான் காரணம். ஒரு மாநிலத்தின் மலரும் நினைவுகளை வருஷம் 50 லட்சம் டாலருக்குச் சுமக்கச் சொன்னோம். சம்பளம் நல்ல சம்பளம்தான், சுமை அதைவிடப் பெரியது.

அப்படியானால் பல இடத்தில் சாதித்தவரைத் தேடினால் போதுமா?

ரூல் இரண்டு இடத்தில் சாதித்தவர். ஆகவே போதாது. என் சூத்திரத்தில் உள்ள ஓட்டையை நானே காட்டிவிடுகிறேன், மற்றவர்கள் காட்டுவதற்குள்.

முதல் பிரஸ் மீட்டில் கோச் பேசுவதை வைத்து ஏதாவது தெரியுமா?

ஒன்றும் தெரியாது. எல்லோரும் பண்பாடு, குடும்பம், கடும் உழைப்பு என்றுதான் பேசுவார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை யாராவது நான் ஊதாரி என்று சொல்லியிருக்கிறாரா?

உதவிப் பயிற்சியாளர்களாக யாரை எடுக்கிறார் என்று பாருங்கள். தாக்குதல் ஆட்டத்துக்கும் தடுப்பாட்டத்துக்கும் பொறுப்பானவர்கள் முன்பு அவரோடு வேலை பார்த்தவர்களா, எத்தனை வருஷம் என்று பாருங்கள். அப்புறம் முன்வரிசையில் நின்று முட்டும் தடியன்களை போர்ட்டலில் எத்தனை பேர் கொண்டுவருகிறார் என்று பாருங்கள். குவார்ட்டர்பேக் பெயர்தான் தலைப்புச் செய்தியாகும். நவம்பர் மாதத்தில் ஆட்டத்தை ஜெயித்துத் தருவது அந்த முன்வரிசை.

இத்தனைக்கு அப்புறமும் ஸ்டேடியம் நிரம்புகிறதா?

1962 நவம்பர் முதல் இன்றுவரை ஒவ்வொரு உள்ளூர் ஆட்டமும் டிக்கெட் விற்றுத் தீர்ந்ததாகத்தான் கணக்கு. 400 ஆட்டங்களைத் தாண்டிவிட்டது. மோசமான வருஷங்களில் வசதி உள்ளவர்கள் மிச்ச டிக்கெட்டை வாங்கி வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்துத்தான் கணக்கைக் காப்பாற்றினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலர் அதைப் போங்கு என்கிறார்கள். அந்த டிக்கெட்டில் முதல் முறை ஸ்டேடியம் பார்க்கும் பத்து வயதுப் பையனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, அடுத்த சீசனுக்கு நீ டிக்கெட் எடுத்தாயா?

எடுத்துவிட்டேன். மேல் வரிசை, கூரை இல்லாத இடம். ஏக்ரான் ஆட்டத்துக்கு அப்புறம் வாங்கிய மழைக்கோட்டு காரின் டிக்கியிலேயே கிடக்கிறது.